ஒலிவியா டி ஹாவிலண்ட்: 1944, 1945 இரண்டு வருடமும் ஏன் ஒரு படம்கூட இல்லை?

மேட்னி ரசிகை (கோவை)
சனி, இரவு 10:20

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். பகல் முழுக்க கார்ட்டூன் ஓடும் சேனலில் இரவானால் டிஎன்டி வந்துவிடும், பழைய ஹாலிவுட் படம் போடுவார்கள். டாம் அண்ட் ஜெர்ரிக்காக உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்காமல் அப்படியே படத்தையும் பார்த்துவிடுவேன். 'அட்வென்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்' அப்படிப் பார்த்ததுதான். 1938-ல் எடுத்த படத்தில் அவ்வளவு பச்சையும் சிவப்பும் இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? எரால் ஃப்ளின் மரத்துக்கு மரம் தாவுகிறார். எனக்குக் கண் முழுக்க ஒலிவியா டி ஹாவிலண்ட் மேல்தான். பேசுவதற்கு முன்னால் அவர் முகம் ஒரு நொடி யோசிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

போன வாரம் அவர் நடித்த படங்களை வருட வாரியாக ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். 1935-லிருந்து வருடத்துக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வருகின்றன. ஃப்ளின்னோடு மட்டும் எட்டுப் படம். 1939-ல் 'கான் வித் த விண்ட்'. 1943 வரை வந்து அப்படியே நிற்கிறது. 1944-ல் ஒன்றும் இல்லை. 1945-லும் இல்லை. 1946-ல் திடீரென்று நான்கு படம், கூடவே சிறந்த நடிகைக்கான ஆஸ்கார்.

கல்யாணமா, உடம்பு சரியில்லையா என்று தேடிப்போனால் காரணம் ஒரு நீதிமன்ற வழக்கு. தன்னை வளர்த்த வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ மேலேயே வழக்குப் போட்டிருக்கிறார். போட்டபோது அவருக்கு 27 வயது.

எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். அன்றைக்கு நடிகர்கள் ஸ்டுடியோவிடம் ஏழு வருட ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். வாரச் சம்பளம். என்ன படம், என்ன வேடம் என்பதை ஸ்டுடியோதான் முடிவு செய்யும். பிடிக்காத வேடத்தை மறுத்தால் 'சஸ்பென்ஷன்'. அந்த நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதோடு நின்றால் பரவாயில்லை, அந்த நாட்களைக் கணக்கெடுத்து ஒப்பந்தத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். ஒலிவியா நல்ல வேடம் கேட்டுக்கேட்டு அலுத்துப்போய், கதாநாயகனுக்குத் துணையாக வந்து போகும் வேடங்களை மறுக்க ஆரம்பித்தார். 1943-ல் ஏழு வருடம் முடிந்து கிளம்பலாம் என்று பார்த்தால், இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது என்றார்கள். அங்கேதான் சண்டை ஆரம்பித்திருக்கிறது.

இந்த வழக்கைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன். சட்டம் படித்தவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது.

வழக்காடி (திருநெல்வேலி)
சனி, இரவு 11:45

நல்ல இழை, சகோதரி. தூங்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன்.

ஒலிவியாவுக்கு முன்னால் இன்னொரு வழக்கு உண்டு. அதைச் சொன்னால்தான் இவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும். சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் படித்தபோது 'வார்னர் பிரதர்ஸ் எதிர் நெல்சன்' என்று ஒரு ஆங்கிலேயத் தீர்ப்பு வரும். நம் நாட்டு நீதிமன்றங்களும் அதை எடுத்துக்காட்டியிருக்கின்றன. ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க நீதிமன்றத்தால் முடியாது. ஆனால் ஒப்பந்தம் இருக்கும்போது வேறு முதலாளியிடம் அதே வேலையைச் செய்யாதே என்று தடுக்கலாம். நெல்சன் யாரோ ஒரு ஆண் நடிகர் என்றுதான் வருடக்கணக்காக நினைத்திருந்தேன். அந்த 'நெல்சன்' ஹாலிவுட் நடிகை பெட்டி டேவிஸ். கணவர் பெயரில் வழக்கு நடந்திருக்கிறது.

நடந்தது 1936-ல். பெட்டி டேவிஸ் அப்போதே ஒரு ஆஸ்கார் வாங்கியவர். வார்னர் கொடுத்த வேடங்கள் பிடிக்காமல் இங்கிலாந்துக்குக் கப்பலேறி, அங்கே ஒரு தயாரிப்பாளருக்குப் படம் பண்ணித்தர ஒப்புக்கொண்டார். வார்னர் லண்டனுக்கே போய்த் தடையாணை கேட்டது. சம்பளம் கூடக் கேட்டு அடம்பிடிக்கும் பெண் என்கிற தொனியில் வார்னர் தரப்பு வக்கீல் பேசினார். நீதிபதி பிரான்சன் தடை கொடுத்துவிட்டார். இவர் புத்திசாலி, திறமைசாலி, நடிக்க முடியாவிட்டாலும் வேறு ஏதாவது வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம், வருமானம்தான் குறையும் என்பது அவர் சொன்ன காரணம். படிக்கும்போது இந்த இடம் எனக்கு உறுத்தவில்லை. இப்போது உறுத்துகிறது. நடிப்பைத் தவிர வேறொன்றும் வேண்டாம் என்றிருப்பவரிடம் சொல்லுகிற பேச்சா இது?

டேவிஸ் தோற்று வார்னரிடமே திரும்பினார். அதன் பிறகு அவருக்கு நல்ல வேடங்கள் கிடைத்தது வேறு கதை. ஆனால் சட்டப்படி ஸ்டுடியோ பக்கம்தான் பலமானது.

இனி ஒலிவியா. அவருடைய வக்கீல் மார்ட்டின் கேங், கலிஃபோர்னியாவின் பழைய சட்டம் ஒன்றைக் காட்டினார். ஒருவரைத் தனிப்பட்ட சேவைக்கு ஒப்பந்தத்தில் கட்டிவைக்க ஒரு காலவரம்பு உண்டு. 1872-ல் அது இரண்டு வருடம். பிறகு ஐந்தாயிற்று. 1931-ல் ஏழாயிற்று. சட்டம் ஏழு என்று சொல்வதால்தான் ஸ்டுடியோ ஒப்பந்தமும் ஏழு.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஏழு வருடம் என்றால் நாட்காட்டியில் ஏழு வருடமா, அல்லது உண்மையிலேயே வேலை செய்த நாட்களைக் கூட்டினால் வரும் ஏழு வருடமா? இரண்டாவதுதான் என்றது வார்னர். அப்படி இருந்தால் சஸ்பென்ஷன் போடப்போட ஒப்பந்தம் ரப்பராக இழுபடும். நீட்டிப்புக்கு அவரே கையெழுத்திட்டிருக்கிறாரே என்றும் வாதாடினார்கள்.

கீழ் நீதிமன்றம் 1944-ல் ஒலிவியா பக்கம் தீர்ப்புச் சொன்னது. வார்னர் மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நாட்காட்டிக் கணக்குதான் என்று உறுதி செய்தது. இந்தப் பாதுகாப்பு உழைக்கிறவர்கள் எல்லோருக்காகவும் வைத்தது, தனி ஒருவர் கையெழுத்துப் போட்டு அதை விட்டுக்கொடுக்க முடியாது என்றது. ஏழு வருடம் ஆனால் உழைப்பாளி வேறு முதலாளியைத் தேடிப் போகலாம். 1945 தொடக்கத்தில் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதோடு முடிந்தது. இன்றைக்கும் அந்த விதியை 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்றே அழைக்கிறார்கள்.

படம் வராத அந்த இரண்டு வருடத்துக்கும் காரணம் இதுதான். வழக்கு நடக்கும்போதே ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர் மற்ற ஸ்டுடியோக்களுக்கெல்லாம் எழுதி, இவர் இன்னும் எங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார் என்று தெரிவித்துவிட்டார். ஒருவரும் வேலை கொடுக்கவில்லை. அந்தக் காலத்தை அவர் ராணுவ மருத்துவமனைகளில் கழித்தார். போரில் அடிபட்டுக் கிடந்தவர்களைப் பார்க்க அலாஸ்கா பக்கத்து அலூஷியன் தீவுகளுக்கும் தென் பசிபிக்குக்கும் போய்வந்தார்.

ஸ்கோப் (சென்னை)
ஞாயிறு, காலை 7:10

ஐயா, ஒரு சந்தேகம். ஏழு வருடம் இரண்டு பக்கத்தையும்தானே கட்டும்? நடிகர் விலக முடியாது, சரி. ஸ்டுடியோவும் ஏழு வருடம் சம்பளம் கொடுத்தாகவேண்டும் இல்லையா? அப்படியானால் நடிகருக்கு அது ஒரு பாதுகாப்புதானே?

வழக்காடி
ஞாயிறு, காலை 8:30

இல்லை தம்பி, சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. ஒப்பந்தத்துக்குள் 'ஆப்ஷன்' என்று ஒன்று இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ வருடத்துக்கு ஒரு முறையோ, இந்த நடிகரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஸ்டுடியோ முடிவு செய்யும். வேண்டாம் என்றால் அன்றோடு சரி. நடிகருக்கு அந்த உரிமை கிடையாது. ஆக ஏழு வருடமும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

பழைய டாக்கீஸ் (சேலம்)
ஞாயிறு, காலை 10:05

எல்லோரும் ஒரு பக்கமாகவே பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாம் பொற்காலம் என்று எதைச் சொல்கிறோம்? அந்தப் படங்களைத்தானே? அவற்றைக் கொடுத்ததே இந்த ஸ்டுடியோ ஏற்பாடுதான். இன்னொரு பெரிய ஸ்டுடியோவான எம்ஜிஎம்மில் குழந்தை நடிகர்களுக்குப் பள்ளிக்கூடம் உள்ளேயே இருந்தது. நடனம் சொல்லிக்கொடுக்க ஆள், குரலைத் திருத்த ஆள், குதிரையேற்றத்துக்கு ஆள். உடைக்கு ஏட்ரியன், அரங்குக்கு செட்ரிக் கிப்பன்ஸ் என்று வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்து வேலை பார்த்தவர்கள். ஒரு ஒளிப்பதிவாளர் ஒரே நடிகையை ஐந்தாறு படம் எடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்தால் அவர் கண் பேசும் என்று தெரிந்துவிடும். இன்றைக்கு ஒரு படத்துக்குக் கூடி மறுநாள் கலைகிறார்கள். அந்த நெருக்கம் எங்கிருந்து வரும்?

எங்கள் ஊரில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததால் சொல்கிறேன். டி.ஆர்.சுந்தரம் காலத்தில் அங்கேயும் நடிகர், எழுத்தாளர், கலைஞர் என்று மாதச் சம்பளக்காரர்கள் இருந்தார்கள். ஜெமினியில் வாசனும் அப்படித்தான் நடத்தினார். எல்லிஸ் ஆர்.டங்கன் அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு 1935-ல் இந்தியா வந்தவர். 1950-ல் அவர் இயக்கிய 'மந்திரி குமாரி' மாடர்ன் தியேட்டர்ஸில்தான் உருவானது. ஒழுங்காக மாதச் சம்பளம் வந்தது பல குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் கேளுங்கள். 1940-ல் ஹிட்லரிடமிருந்து தப்பிய ஜெர்மன் எழுத்தாளர்கள் பலர் பிரான்சில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க விசாவுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று காட்டவேண்டும். பால் கோனர் என்கிற ஹாலிவுட் ஏஜென்ட் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கினார். எம்ஜிஎம், வார்னர், கொலம்பியா மூன்றும் அந்த எழுத்தாளர்களுக்கு வாரம் 100 டாலர் சம்பளத்தில் ஒரு வருட ஒப்பந்தம் கொடுத்தன. ஹைன்ரிக் மான் வார்னருக்கு வந்தார். ஆல்ஃபிரட் டூப்ளின் எம்ஜிஎம்முக்கு வந்தார். அவர்கள் எழுதி ஒரு படம் ஓடும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அந்த ஒப்பந்தத் தாள் உயிரைக் காப்பாற்றியது. ஒலிவியாவை வீட்டில் உட்கார வைத்த அதே ஜாக் வார்னரின் ஸ்டுடியோதான் இதையும் செய்தது.

வார்னரின் 'காஸபிளாங்கா' படத்தில் பாருங்கள். அகதிகளாக வந்து நிற்கும் பல முகங்கள் உண்மையிலேயே ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்தவர்களுடையவை. பிரெஞ்சு தேசிய கீதம் பாடும் காட்சியில் மதலின் லெபோ கண்ணீர் விடுகிறாரே, அவரே பாரிஸிலிருந்து தப்பி வந்தவர். அந்தக் காட்சி வரும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

மேட்னி ரசிகை
ஞாயிறு, மதியம் 12:40

அண்ணா, எதற்குக் கோபம்? அந்த எழுத்தாளர்கள் விஷயம் எனக்குத் தெரியாது, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் சொல்வது உண்மைதான். அந்தப் பட்டறையில்தான் ஒலிவியாவும் தேர்ந்தார். பதினெட்டு வயதில், மேடையில் ஷேக்ஸ்பியர் நாடகம் நடித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தது வார்னர்தான். ஆனால் தேர்ந்த பிறகு? தொழில் கற்றுக்கொடுத்ததற்காக ஒருவரை எத்தனை வருடம் பிடித்துவைக்கலாம்? கலிஃபோர்னியா சட்டம் ஏழு என்கிறது. வார்னருக்கு அதுவும் போதவில்லையே.

'கான் வித் த விண்ட்' மெலனி வேடம்கூட வார்னர் தந்ததில்லை. வெளியே செல்ஸ்னிக் என்ற தயாரிப்பாளர் எடுத்த படம் அது. ஜாக் வார்னர் அனுப்ப மறுத்திருக்கிறார். ஒலிவியா நேராக அவர் மனைவியைப் பார்த்து, டீ குடித்துக்கொண்டே பேசி, அந்த அம்மா வீட்டில் சொல்லித்தான் அனுமதி கிடைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய நடிகை, ஒரு நல்ல வேடத்துக்காக முதலாளி வீட்டம்மாவிடம் போய் நிற்கவேண்டியிருந்தது.

வடமராட்சி (டொராண்டோ)
ஞாயிறு, இரவு 9:15

வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு ஸ்டுடியோ தன் நடிகரை இன்னொரு கம்பெனிக்கு இரவல் கொடுப்பது பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

எங்கள் அம்மம்மா தேயிலைத் தோட்டத்துப் பக்கம் இருந்த காலத்துக் கதையாக ஒன்று சொல்லுவார். வெள்ளைக்கார நடிகை ஒருவர் படம் நடிக்க வந்து, சுகமில்லாமல் திரும்பிப் போய்விட்டாராம். வளர்ந்த பிறகு தேடிப் பார்த்தேன். அது 'எலிஃபண்ட் வாக்'. 1953-ல் இலங்கையில் படப்பிடிப்பு. வந்தவர் விவியன் லீ, 'கான் வித் த விண்ட்' ஸ்கார்லெட்தான். மனநிலை பாதிக்கப்பட்டு நடிக்க முடியாமல் போனார். பரமவுண்ட் கம்பெனி எம்ஜிஎம்மிடமிருந்து எலிசபெத் டெய்லரை இரவலாக வாங்கி மிச்சத்தை முடித்தது. தூரத்தில் எடுத்த காட்சிகள் சிலவற்றை மாற்றவே இல்லை. படம் பார்க்கும்போது பக்கத்தில் தெரிவது டெய்லர், தூரத்தில் நடந்து போவது விவியன் லீ. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். ஒருவர் நொந்துபோய் வீட்டுக்குப் போக, அவருடைய முதுகு மட்டும் படத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

டெய்லர் சின்னப் பிள்ளையாக எம்ஜிஎம்முக்குள் வந்தவர். 1960-ல் 'கிளியோபாட்ரா'வுக்குப் பத்து லட்சம் டாலர் பேசியாகிவிட்டது. அப்போதும் எம்ஜிஎம்முக்கு ஒரு படம் பாக்கி என்று 'பட்டர்ஃபீல்ட் 8' நடிக்கவைத்தார்கள். அவருக்கு அந்தப் படம் துளியும் பிடிக்கவில்லை. அதற்குத்தான் அவருடைய முதல் ஆஸ்கார் கிடைத்தது.

ஸ்கோப்
ஞாயிறு, இரவு 10:00

கிளார்க் கேபிளும் 'கான் வித் த விண்ட்'டுக்கு இரவல்தான். அதற்கு எம்ஜிஎம் வாங்கிய விலை பெரிது. கேபிளையும் 12.5 லட்சம் டாலரையும் கொடுத்து, படத்தை வெளியிடும் உரிமையையும் லாபத்தில் பாதியையும் எடுத்துக்கொண்டது. கேபிளுக்கு அந்த வேடத்தில் பெரிய ஆர்வம் இருக்கவில்லை என்று படித்திருக்கிறேன்.

நிழலாட்டம் (மதுரை)
திங்கள், காலை 6:50

ராத்திரி முழுக்க இந்த இழையைப் படித்தேன். ஒரு பெயரை யாரும் சொல்லவில்லை. அதே 'கான் வித் த விண்ட்' படம், அதே ஊர். நீதிமன்றத்தில் ஜெயித்த இன்னொரு நடிகை அதில் இருக்கிறார். ஹாட்டி மெக்டானியல்.

படத்தில் ஸ்கார்லெட்டை வளர்க்கும் கறுப்பினப் பணிப்பெண் 'மம்மி' அவர்தான். 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் பெரிய விழா எடுத்துப் படத்தை வெளியிட்டார்கள். ஊரே திரண்டது. அங்கே நிறவெறிச் சட்டம் இருந்ததால் அவரால் போக முடியவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று ஆஸ்கார் விழா, அம்பாசடர் ஓட்டலின் கோகனட் குரோவில். துணை நடிகைப் பிரிவில் ஒரே படத்திலிருந்து இரண்டு பேர் போட்டி, ஒலிவியாவும் ஹாட்டியும். ஒலிவியா செல்ஸ்னிக்கின் மேஜையில் இருந்தார். கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஓட்டல் அது. செல்ஸ்னிக் தனியாகக் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறார். ஹாட்டிக்குச் சுவரோரம் தனியாக ஒரு சின்ன மேஜை. அங்கிருந்து எழுந்து நடந்து போய்த்தான், ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். துணை வேடத்துக்கு அன்றைக்குச் சிலை கிடையாது. ஒரு பட்டயம்தான். தோற்ற ஒலிவியா அன்று அழுதிருக்கிறார். கொஞ்ச நாளில் மனம் தெளிந்து, ஹாட்டிக்குக் கிடைத்ததுதான் நியாயம் என்று பிற்காலப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

இனி வழக்கு. லாஸ் ஏஞ்சலிஸில் வெஸ்ட் ஆடம்ஸ் என்று பணக்காரர்கள் இருந்த பகுதி. பெரிய பெரிய வீடுகள். அங்கே ஹாட்டி ஒரு வீடு வாங்கினார். நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எதல் வாட்டர்ஸ் எல்லோரும் அந்தப் பகுதிக்கு வந்தார்கள். 'சுகர் ஹில்' என்று பெயரானது. ஆனால் அந்த வீட்டுப் பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை எழுதிவைத்திருந்தார்கள். அதை வைத்து வெள்ளைக்கார அக்கம்பக்கத்தார் சிலர் இவர்களை வெளியேற்றச் சொல்லி வழக்குப் போட்டார்கள்.

ஹாட்டி பயந்து ஒதுங்கவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்த கறுப்பினக் குடும்பங்களைத் தன் வீட்டில் கூட்டிப் பேசினார். லாரன் மில்லர் என்ற கறுப்பின வக்கீல் வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், சட்டத்தின் முன் சமப் பாதுகாப்பு தரும் அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தம் எல்லோருக்கும் பொது என்று சொல்லி வழக்கைத் தூக்கிப்போட்டார். மூன்று வருடம் கழித்து 1948-ல், நாடு முழுவதுமே இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்குகளிலும் லாரன் மில்லர் இருந்தார்.

1944 டிசம்பரில் ஒலிவியாவுக்குத் தீர்ப்பு. சரியாக ஒரு வருடத்தில் ஹாட்டிக்கு. மெலனியும் மம்மியும் அந்தப் படத்தில் மாடிப்படி ஏறிக்கொண்டே பேசும் காட்சி ஒன்று உண்டு. குழந்தை இறந்த பிறகு, உள்ளே என்ன நடந்தது என்று ஹாட்டி அழுதுகொண்டே சொல்ல, ஒலிவியா கேட்டுக்கொண்டே படியேறுவார். கேமராவும் கூடவே ஏறும். ஹாட்டிக்கு ஆஸ்கார் வாங்கித் தந்ததே அந்தக் காட்சிதான் என்பது என் எண்ணம். இந்த இரண்டு வழக்குகளும் தெரிந்த பிறகு நேற்று ராத்திரி அதை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

ஒரு வருத்தம் உண்டு. ஒலிவியா ஜெயித்த பிறகு வேடங்கள் தேடிவந்தன. ஹாட்டிக்கு வீடு நிலைத்தது, வேடம் மாறவில்லை. கடைசிவரை பணிப்பெண்தான். அவர் 1952-ல் இறந்தபோது, தான் ஆசைப்பட்ட ஹாலிவுட் கல்லறையில் இடம் கிடைக்கவில்லை, அங்கேயும் நிறம் பார்த்தார்கள். 1999-ல்தான் அங்கே அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். வாஷிங்டனில் இருக்கும் ஹாவர்ட் (Howard) பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்துப் போன ஆஸ்கார் பட்டயம் காணாமல் போய், 2023-ல் புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். சுகர் ஹில்லின் ஊடாக இன்றைக்கு நெடுஞ்சாலை ஓடுகிறது.

பழைய டாக்கீஸ்
திங்கள், காலை 9:20

நிழலாட்டம், இதைப் படித்துவிட்டு என்னால் உடனே ஒன்றும் எழுத முடியவில்லை. ஸ்டுடியோ எல்லோருக்கும் பாதுகாப்பு கொடுத்தது என்பது போல நேற்று எழுதிவிட்டேன். எல்லோருக்கும் என்பது தவறு. அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

வழக்காடி
திங்கள், மாலை 5:30

சுகர் ஹில் தீர்ப்பு எனக்குப் புதிது. நன்றி.

ஒலிவியா தீர்ப்பின் பலனைப் பற்றி ஒரு குறிப்பு. அது வந்தது போர்க் காலம். நடிகர்கள் பலர் ராணுவத்தில் இருந்தார்கள். நாட்காட்டிக் கணக்கு என்று ஆனதால் ராணுவத்தில் கழிந்த வருடங்களும் ஒப்பந்தத்தில் கழிந்ததாகவே ஆயின. போரிலிருந்து திரும்பிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் எம்ஜிஎம்முக்குத் திரும்பிப் போகவில்லை. 1950-ல் ஒரு கௌபாய் படத்துக்குச் சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு வாங்கினார். ஸ்டுடியோக்கள் சொந்தத் தியேட்டர் வைத்துக்கொள்வதை 1948-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, பின்னாலேயே டிவி வந்தது. நடிகர்களைப் பட்டியல் போட்டுச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் அதோடு தேய்ந்துபோனது.

2008-ல் ஒரு ராக் இசைக்குழுவின் மேல் இசைத்தட்டு நிறுவனம் மூன்று கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டபோதும் இந்தத் தீர்ப்புதான் துணைக்கு வந்தது. அந்தக் குழுவின் பாடகர், நடிகரும்கூட, ஜாரெட் லெட்டோ. அவர் பிறகு ஒலிவியாவை நேரில் பார்த்து நன்றி சொல்லியிருக்கிறார்.

மேட்னி ரசிகை
செவ்வாய், இரவு 11:10

நிழலாட்டம் சொன்ன மாடிப்படிக் காட்சியைப் பார்த்தேன். உடனே வேறொரு மாடிப்படி நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் தூங்க முடியாது.

'த ஏரஸ்', 1949. வழக்கெல்லாம் முடிந்து, தனக்கு வேண்டியதைத் தானே தேடும் நிலைக்கு ஒலிவியா வந்த பிறகு எடுத்தது. நியூயார்க்கில் நாடகமாகப் பார்த்துவிட்டு, இந்த வேடம் எனக்கு வேண்டும் என்று இயக்குநர் வில்லியம் வைலரிடம் அவரே போய்ப் பேசினார். வார்னரில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஒரு நாடகத்தைப் பார்த்து ஆசைப்படலாம், அவ்வளவுதான்.

கேத்தரின் என்ற பெண். பெரிய டாக்டரின் ஒரே மகள். அழகில்லை, சாமர்த்தியமில்லை என்று அப்பாவே குத்திக்காட்டிக்கொண்டிருப்பார். மோரிஸ் என்ற அழகான இளைஞன் (மான்ட்கோமரி கிளிஃப்ட்) ஆசை காட்டுகிறான். ஓடிப்போவதற்காகப் பெட்டியும் கையுமாக ராத்திரி காத்திருக்கிறாள். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடுகிறாள். அவன் வரவேயில்லை. விடியப்போகும் நேரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத் திரும்புகிறாள்.

அந்தப் படியேற்றத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தும் வைலருக்குத் திருப்தியில்லை. அலுத்துப்போன ஒலிவியா பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டார். அப்போதுதான் பெட்டி காலியாக இருப்பது வைலருக்கு உறைத்தது. உள்ளே புத்தகங்களை அடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எடுத்ததுதான் படத்தில் இருக்கிறது. இந்த முறை அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி ஒவ்வொரு படியிலும் இடிக்கிறது. தோள் ஒரு பக்கம் சரிகிறது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிறார். முகத்தில் அழுகை இல்லை. அழக்கூடத் தெம்பில்லாத முகம்.

கடைசியில் வருடங்கள் கழித்து மோரிஸ் திரும்பி வருகிறான். வெளியே நின்று கதவை இடிக்கிறான், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். கேத்தரின் பணிப்பெண்ணிடம் தாழைப் போடச் சொல்லிவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு அதே படியில் ஏறுகிறாள். இப்போது கையில் கனமில்லை. முதுகு நேராக இருக்கிறது. வெளிச்சம் அவளோடு மேலே போகப்போக, கீழே கதவுப் பக்கம் இருட்டாகிறது.

இந்தப் படத்துக்குத்தான் அவருக்கு இரண்டாவது ஆஸ்கார். நோட்டில் 1944, 1945 என்று காலியாக விட்டிருந்த இரண்டு வரிகளிலும் வழக்கு எண்ணுக்குப் பதிலாக 'அலூஷியன் தீவுகள்' என்று எழுதிவைத்திருக்கிறேன்.

வடமராட்சி
புதன், காலை 6:30

அக்கா, 'த ஏரஸ்' இங்கே நூலகத்தில் டிவிடி இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். வெள்ளிக்கிழமை எடுத்து வந்து அம்மாவோடு பார்க்கப் போகிறேன். அம்மா படம் பார்க்கும்போது கதைத்துக்கொண்டே இருப்பா. அந்தப் பெட்டிக் காட்சி வரும்போது மட்டும் கதைக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவைக்கிறேன்.